டெல்ராயின் குரல் இல்லாத கேசட்

1

அந்தக் கம்பெனியின் படியிறங்கி இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் கேசட்டை இன்னும் கையிலேயே பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் ஏறினால் அரை மணியில் டெல்ராயின் கடை வந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் வரக்கூடாது என்றுதான் நடந்தேன்.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. லண்டனின் கிழக்குப் பக்கம் டெல்ராய் என்பவரின் ரிப்பேர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். டேப் ரிக்கார்டர், ஆம்ப்ளிஃபயர், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வரும். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கியிருந்தேன். நான் நடந்து வெளியேறிய கம்பெனி, பழைய ரேவ், ஜங்கிள் இசையைத் தொகுத்து மூன்று சிடி அடங்கிய பெட்டியாகப் போடுகிற கம்பெனி. பழைய என்றால் ஐந்தாறு வருஷப் பழசு. எங்கள் ஊரில் அந்த வயசுப் பாட்டைப் புதுப்பாட்டு என்போம்.

இசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய கிடங்கிலோ வயல்வெளியிலோ ஆயிரக்கணக்கில் கூடி விடியவிடிய ஆடுவது ரேவ். அதில் பிறந்த பிள்ளை ஜங்கிள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட தவில்காரர் வாசிப்பதுபோல மேளம் ஓடும். அடியில் வயிற்றைப் பிசைகிற ஒரு கனத்த சத்தம் நிதானமாக நடக்கும். இரண்டுக்கும் நடுவே ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசுவார்.

கம்பெனியில் கேசட்டைப் போட்டுக் கேட்டவர் மொட்டைத் தலை, விளையாட்டு ஷூ. முதலில் தலையாட்டினார். பிறகு முன்னால் ஓட்டினார். திருப்பிப் போட்டு அதையும் ஓட்டினார். அவர் பேசியது ஆங்கிலம்தான். எனக்கு நினைவில் இருப்பது தமிழில்.

“மைக் எங்கே?”

“எடுத்துட்டேன் சார்.”

“எதை எடுத்தீங்க?”

“பேச்சை. ஒரு இடத்துல கூட விழாது. எங்க வேணாலும் போட்டுப் பாருங்க.”

அவர் போட்டுப் பார்க்கவில்லை.

“இந்தப் பாட்டெல்லாம் ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கு. நாங்க கேட்டதே அந்தப் பேச்சைத்தான். ஒரிஜினல் கேசட்டெல்லாம் எங்கே?”

“சுத்தம் பண்ணிட்டேன்.”

“சுத்தம்னா?”

“அழிச்சுட்டேன் சார்.”

அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வரும்போது எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்தார்.

“மைக்ல பேசினது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“உங்களை இங்க அனுப்பிவச்சவர்.”

டெல்ராய்க்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குரல் போய்விட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. அவர் பேசி நான் கேட்டதே கிடையாது. ஆனால் முந்தின வாரம் கேசட்டில் அந்தக் குரலை இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வெட்டி எறிவதற்காக.

“திங்கட்கிழமை காலைல பெட்டி தயாரிப்புக்குப் போகுது,” என்றார் அவர். “அதுக்குள்ள குரலோட ஒரு கேசட் கொண்டுவந்தா டெல்ராய் பெட்டியில இருப்பார். இல்லேன்னா அந்த இடத்துல வேற ஆளைப் போட்டுடுவோம்.”

அன்று வெள்ளிக்கிழமை.

2

இதெல்லாம் இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் மகள் ஜோஸ்பின். அவள் இந்த ஊரில் பிறந்தவள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அவள் அம்மா திட்டும்போது மட்டும் இரண்டும் புரியாது.

நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். காலையில் கேட்டைத் திறப்பது, கொதிகலனைப் போடுவது, சாயங்காலம் பூட்டுவது. எட்டாவதோடு நின்றவன் தினமும் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுகிறேன். போன சனிக்கிழமை வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது ஜோஸ்பின் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சிடி பெட்டி வாங்கிவந்தாள். பழைய ரேவ், ஜங்கிள் தொகுப்பு. பெட்டியின் மேல் மஞ்சள் நிறத்தில் சிரிக்கிற மூஞ்சி.

“அப்பா, இது உங்க காலத்து மியூசிக்.”

என் காலத்து மியூசிக் என்ன என்று அவளுக்குச் சொல்லும் வாய்ப்பு அமையவில்லை. அவள் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“ட்யூன் நல்லா இருக்கு. இந்த ஆள்தான் வாயை மூட மாட்டேங்குறார்.”

போனை எடுத்து ஏதோ தட்டினாள். அதில் ஒரு வசதி இருக்கிறதாம், பாட்டிலிருந்து மனிதக் குரலை மட்டும் நீக்கிவிடும். நீங்கிவிட்டது. சமையலறையில் மேளம் மட்டும் ஓடியது.

“எவ்வளவு கிளீனா இருக்கு பாருங்கப்பா.”

பிள்ளைகள் நம்மிடமிருந்து விலகிப் போகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எல்லாரும் குறைப்பட்டுக்கொள்வார்கள். நானும் தலையாட்டுவது வழக்கம். அன்றைக்கு அவள் என் பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

3

நான் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமத்தில் பிறந்தவன். மேட்டூரில் அணை திறந்தால் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு மிச்சமிருந்தால் எங்களுக்கு வரும். அப்பா பிறர் நிலத்தில் நடவும் அறுப்புமாக இருந்தார். கொஞ்ச நாள் தேங்காய் உரித்தேன். கொஞ்ச நாள் லாரியில் கிளீனராகப் போனேன். எதிலும் நிற்கவில்லை. நின்றது பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் மாணிக்கம் அண்ணனின் ரெக்கார்டிங் சென்டரில்.

இளம் வாசகர்களுக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்கலாம். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அதே வரிசையில் கேசட்டில் பதிந்து தருகிற கடை. பெட்டி கட்டி விற்கிற தொகுப்பு எல்லாம் பிறகு வந்தது. அவரவர் தொகுப்பை அவரவரே போட்டுக்கொண்ட காலம் அது. முதல் பாட்டு சாமி பாட்டாக இருக்க வேண்டும். இந்துவா, முஸ்லிமா, எங்களைப்போல வேதக்காரரா என்று வாடிக்கையாளரின் பெயரைப் பார்த்து நாங்களே போட்டுவிடுவோம். அதற்குக் காசு கிடையாது.

கிடைக்காத பாட்டை ரேடியோவிலிருந்து பிடிப்போம். அங்கேதான் வேலை இருக்கிறது. அறிவிப்பாளர்கள் பாட்டு முடிவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு சொல் விழுந்தாலும் போச்சு. மறுநாள் வாடிக்கையாளர் வந்து நிற்பார்.

“ஏன் அண்ணே, கல்யாணத்துல போட்டா நடுவுல ஒரு அம்மா ‘நேயர்களே’ங்குது. பொண்ணோட மாமா எழுந்து வணக்கம் சொல்லிட்டார்.”

மாணிக்கம் அண்ணன் என்னைப் பார்ப்பார். நான் கேசட்டைப் பார்ப்பேன்.

“பேச்சு விழுந்தா காசு வாபஸ்னு வெளியில எழுதிப்போட்டிருக்கேன்டா. அது உன் சம்பளத்துலேருந்துதான் வாபஸ்.”

அதனால் கற்றுக்கொண்டேன். பேசப்போகிறவர் பேசுவதற்கு முன் மூச்சு இழுப்பார். அந்த மூச்சு கேட்டதும் விரல் பொத்தானை அழுத்திவிட வேண்டும். ஜப்பான் டேப் டெக்குகள் சல்லிசாக வர ஆரம்பித்தபோது இதில் என்னை மிஞ்ச அந்தத் தாலுகாவில் ஆள் இல்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது. வெற்றுக் கேசட் விலை அதிகம். பாட்டைப் புதுக் கேசட்டுக்கு மாற்றியதும் பழைய கேசட்டை முழுக்க அழித்து, ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி, வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்போம். ‘அடுத்த தடவைக்கு ஆகும்’ என்போம். அது கடையின் மரியாதை.

பிறகு கம்பெனிக் கேசட்டுகளே சல்லிசாக வந்துவிட்டன. கடைக்கு ஆள் வரவில்லை. மாணிக்கம் அண்ணன் உர வியாபாரத்துக்குப் போனார். நான் ஒரு நாதஸ்வரக் குழுவோடு ஒலிபெருக்கிக்காரனாக லண்டன் கோயில் திருவிழாவுக்கு வந்தேன். வேதக்காரப் பையன் ஆயிற்றே என்று கோயில் கமிட்டியில் ஒருவர் இழுத்தார். ஒலிபெருக்கிக்கு எந்த மதம் என்று நாதஸ்வரக்காரர் கேட்டார். அத்தோடு முடிந்தது. குழு திரும்பிப் போனது. நான் போகவில்லை. விசாவை நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். பதில் வராதவரை இருக்கலாம் என்றார் வக்கீல். பதில் வராமலிருப்பதில் அந்த அலுவலகம் எங்கள் தாலுகா ஆபீசுக்குக் குறைந்ததில்லை. அந்த நாட்களில் அப்பா இறந்தார். போனால் திரும்பி வர முடியாது. போகவில்லை.

4

டெல்ராயின் பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அவர் லண்டனில் பிறந்தவர். ஆறடி உயரம். மேசையில் ஒரு சிலேட்டும் சாக்பீஸும் இருக்கும். எழுதிக் காட்டுவார். அவசரம் என்றால் மேசையைத் தட்டுவார்.

போன் வந்தால் நான் எடுக்க வேண்டும். எழுபது வருஷம் இந்த ஊரில் இருந்தாலும் மாறாத இங்கிலீஷ் என்னுடையது. நகராட்சியிலிருந்து அவருடைய உதவித்தொகை விஷயமாக ஒரு பெண் கூப்பிட்டாள்.

“மிஸ்டர் டெல்ராய்கிட்ட பேசணும்.”

“அவர் பேச மாட்டார். நான் பேசறேன். அவர் பக்கத்துலதான் இருக்கார்.”

“அப்படியா. அவர் என்ன மொழி பேசுவார்? மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பண்றோம்.”

“இங்கிலீஷ்.”

“இங்கிலீஷ் பேசறவருக்கு நீங்க இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கறீங்களா?”

டெல்ராய் சிலேட்டில் எழுதினார்: ‘ஆமாம்னு சொல்லு.’ சொன்னேன். அடுத்த மாதம் ஒரு ஜமைக்கா மொழிபெயர்ப்பாளர் கடைக்கு வந்து, யாரும் பேசாததால் டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்தத் தொகுப்புக் கம்பெனி போன் செய்தபோதும் எடுத்தது நான்தான். டெல்ராய் இருந்த ஒரு ரேவ் இரவின் பதிவு வேண்டும், மூன்றாவது சிடிக்கு, என்றார்கள். அவர் அங்கே ரிக்கார்டு சுழற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ரிப்பேர் செய்கிறவர் வேறு என்ன செய்திருப்பார். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து கேசட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். அந்த இரவு முழுக்க அவற்றில்தான் இருந்தது, அவரிடம் வேறு பிரதி இல்லை. ‘நல்ல இடங்களை மட்டும் எடுத்து ஒரே கேசட்டில் போடு’ என்று எழுதினார். அந்த வாரம் அவருக்கு ஆஸ்பத்திரியில் சோதனைகள் இருந்தன.

நல்ல இடம் எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மைக்கில் பேசியவர் தொல்லை பிடித்தவர். பாட்டு எடுப்பாக வரும் இடத்தில்தான் பேசுவார். ஒரு பாட்டின் மேல் இன்னொரு பாட்டு ஏறி வேறு கிடந்தது. அதையும் பிரித்து நடுவில் இடைவெளி விட்டேன். சாமி பாட்டு எதுவும் அகப்படவில்லை. மாதாகோயில் ஆர்மோனியம்போல ஒரு துண்டு இருந்தது, அதை முதலில் வைத்தேன். முடித்ததும் பழைய கேசட்டுகளை அழித்து, தாளைச் சுரண்டி, அடுக்கி வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் அடுக்கைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

5

அந்த வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து நடந்து கடைக்கு வந்து சேர்ந்தபோது டெல்ராயின் அக்கா மார்வா இருந்தாள். தபால் நிலையத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் தம்பிக்குச் சூப் கொண்டுவருவாள், குடிக்கும்வரை நின்று திட்டுவாள்.

நான் நின்றபடியே சொன்னேன். கம்பெனியில் நடந்தது, நான் செய்தது, திங்கட்கிழமை கெடு. இங்கிலீஷில் சுற்றி வளைக்க எனக்கு வராது. அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

மார்வாதான் முதலில் வாய் திறந்தாள். “அவன் குரல் இந்த உலகத்துல இருந்தது அந்தக் கேசட்டுல மட்டும்தான். வீட்டுல போன்ல பேசினதைக்கூட எவனும் பிடிச்சு வைக்கல. நீ அதைத் தேடிப் பிடிச்சு எடுத்திருக்கே.”

“ஆமாங்க.”

“ஒண்ணு விடாம.”

“ஆமாங்க. ஒண்ணு விடாம.”

டெல்ராய் சூப்பைத் தள்ளி வைத்தார். சிலேட்டை எடுத்தார். வேலையைவிட்டுப் போ என்று எழுதுவார், ராத்திரிக்கு எங்கே படுப்பது என்று நான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அவர் எழுதியது: ‘நான் என்ன சொன்னேன்?’

புரியாமல் பார்த்தேன். சாக்பீஸால் சிலேட்டைத் தட்டினார்.

“அந்த ராத்திரி மைக்ல அவன் என்ன சொன்னான்னு கேக்கறான்,” என்றாள் மார்வா. “அவனுக்கே ஞாபகம் இருக்காது.”

எனக்கு இருந்தது. வெட்டுகிறவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு இடத்தையும் நாலைந்து முறை ஓட்டியிருந்தேன். பாதிக்கு அர்த்தம் தெரியாது, சத்தம் அப்படியே இருந்தது. ஆரம்பித்தேன். பின்வரிசைக்காரர்களை முன்னால் வரச் சொன்னது. தெருத் தெருவாகப் பெயர் சொல்லி வணக்கம் வைத்தது. வாசலில் வெள்ளை வேன் ஒன்று வழியை மறிக்கிறது, எடுக்காவிட்டால் நாம் எல்லாரும் சேர்ந்து தூக்கிவிடுவோம் என்றது. தண்ணீர் குடியுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுங்கள் என்றது. பிறகு மேளத்தின் வேகத்துக்கே நாக்கு ஓடுகிற ஓர் இடம்.

அந்த இடத்தையும் சொன்னேன். பட்டுக்கோட்டை நாக்கில் அது எப்படி வந்ததோ, மார்வா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். “ஐயோ, நிறுத்தாதே,” என்றாள். டெல்ராய் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். ‘வேகம் பத்தாது’ என்று எழுதினார். மேசையில் விரலால் தாளம் போட்டார். மறுபடி சொன்னேன். தலையசைத்து மறுத்தார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை அவர் உதடும் சேர்ந்து அசைந்தது. சத்தம் வரவில்லை. பேசுவதற்கு முன் இழுக்கிற அந்த மூச்சு மட்டும் வந்தது. என் விரல் தானாக அசைந்ததை அவர் பார்த்தாரா என்று தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்வா சொன்னாள்: “டெர்ரிகிட்ட இருக்கும்.”

டெல்ராய் மேசையை ஓங்கித் தட்டினார்.

டெர்ரி சனிக்கிழமைச் சந்தையில் கேசட் விற்கிறவன். அந்த இரவு அரங்கத்தின் ஒலிப்பெட்டியில் சொல்லாமல் கொள்ளாமல் தன் மெஷினைச் செருகிப் பதிந்து, நகல் போட்டு விற்றவன். டெல்ராய்க்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. ‘திருடன்’ என்று சிலேட்டில் எழுதி, அடியில் கோடு போட்டார். கோடு போட்டதில் சாக்பீஸ் உடைந்தது.

“திருடன்கிட்டதான்டா பொருள் இருக்கும்,” என்றாள் மார்வா.

‘யாரும் போகக்கூடாது’ என்று எழுதி என் பக்கம் காட்டினார். சரி என்றேன்.

6

மறுநாள் காலையில் சந்தைக்குப் போனேன். கேசட் திங்கட்கிழமை கம்பெனி மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, மூன்றாவது சிடியில் டெல்ராய் இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியது அன்றைய வேலையைப் பற்றி.

டெர்ரி ஒல்லியான வெள்ளைக்காரன், விரலில்லாத கையுறை. மேசை நிறைய கேசட். பின்னால் கார் பேட்டரியில் இரண்டு டெக்குகள் ஓடின. அந்த இரவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

“ஓ, அந்த வாயாடியா? வித்துப்போச்சு. அசல் மாஸ்டர் கேசட் மட்டும் இருக்கு. அதைத் தர மாட்டேன்.”

“ஒரு நகல் போதும்.”

“வரிசையில வா. இன்னிக்கு வேலைக்கு வரேன்னவன் வரல. நான் நகல் போடுவேனா, வியாபாரம் பார்ப்பேனா?”

“நான் ரெண்டும் பார்ப்பேன். கூலி வேண்டாம். சாயங்காலம் ஒரு நகல் கொடுங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தான். டெக்கில் கேசட்டை மாற்றச் சொன்னான். மாற்றினேன். எச்சிலைத் தொட்டு, டேப் உரசிப் போகிற ஹெட்டைத் துடைத்ததைப் பார்த்ததும் திருப்தியாகிவிட்டது.

“ஒரே ஒரு விஷயம். அந்த வாயாடியைப் பத்தி யாராவது கேட்டா செத்துட்டான்னு சொல்லணும்.”

“செத்துட்டாரா?”

“எனக்கென்ன தெரியும்? ரொம்ப நாளா ஆளையே காணோம். செத்தவன் கேசட்னா ஜனங்க வாங்குவாங்க. வீட்டுல உக்காந்து சூப் குடிக்கிறவன் கேசட்டை எவன் வாங்குவான்?”

“எப்படிச் செத்தார்னு கேட்டா?”

“அது உன் இஷ்டம்.”

எங்கள் பக்கத்தில் உயிரோடிருப்பவர் செத்துவிட்டதாகப் பேச்சு பரவினால் அவருக்கு ஆயுசு கூடும் என்பார்கள். அதை டெர்ரியிடம் சொல்லவில்லை. சொன்னால் நகலுக்குப் பதிலாக அதையே கூலியாகக் கழித்துக்கொள்வான்.

ஒரு பக்கம் நகல் ஓடியது. டெல்ராய் சந்தை முழுக்கக் கேட்கும்படி தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்கள் நின்றார்கள். “இது அவர்தானே? இப்ப எங்க இருக்கார்?” என்றார்கள். “தவறிட்டார்,” என்றேன். முதலில் தொண்டை என்றேன். பிறகு மாரடைப்பு. கூட்டம் சேர்ந்தபோது, ஒரு மேடையிலேயே, மைக்கோடு. அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. தொப்பியைக் கழற்றினார்கள். இரண்டு இரண்டாக வாங்கினார்கள்.

மதியம் தாண்டி ஒரு பெரியவர் வந்தார். காதில் வளையம், கையில் நாய். டெல்ராய் தவறிய விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்பா. அடக்கத்துக்குப் போயிருந்தேன்.”

“நல்ல கூட்டமா?”

“தெரு கொள்ளல.”

“இருக்காதா பின்னே,” என்று சொல்லி, கேசட்டைப் பையில் போட்டு அவரிடம் கொடுத்தேன்.